தைப்பூசத் திருநாள்

(குடமுழுக்கு விழாவில் நிகழ்ந்த சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்



ஒருவர் பிறந்த நாளையும், ஒரு செயல் நிகழ்ந்த நாளையும் ஆங்கிலத் தேதியால் குறிப்பதே இக்காலத்து வழக்கம். நாட்காட்டியின் தாளைக் கிழித்தால், அதன் அடியில் இன்ன ஆண்டில் இதே தேதியில் இன்னது நிகழ்ந்தது என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். சைவ மரபோ நாளை வேறொரு வகையால் போற்றி வந்துள்ளது. அப்பரடிகள் முத்தியடைந்தது சித்திரைச் சதயம். ஞானசம்பந்தப் பெருமானுக்கு வைகாசி மூலம். சுந்தரர்க்கு ஆடிச் சுவாதி. மணிவாசகர்க்கு ஆனி மகம். திருவாவடுதுறை ஆதீனத்துக் குரு முதல்வராகிய நமச்சிவாய மூர்த்திகளின் குருபூசை தை மாதத்து அசுவதியில் நிகழ்கின்றது. இவற்றுள் எதற்கும் ஆண்டுக் கணக்கு முதன்மையன்று. திங்களும் நாண்மீனுமே முதன்மை.

ஆண்டெண்ணிக்கையை அறியாமையால் இங்ஙனம் செய்தனர் எனக் கருதுதல் பொருந்தாது. உமாபதி சிவம் சங்கற்ப நிராகரணம் செய்தபொழுது சக ஆண்டு 1235 என்று எண்ணிட்டே குறித்தார், அது கி. பி. 1313 ஆகும். நூலியற்றிய காலத்தை அங்ஙனம் எண்ணால் குறித்த அப்பெரியாரே, கோயிற்புராணத்தில் தில்லைக் கூத்தன் ஆடல் காட்டிய நாளைக் கூறுமிடத்து ஆண்டு கூறவில்லை. தைத் திங்கள், பூச நாள், குருவாரம், நடுப்பகல் என்றே கூறினார். ஒருமுறை நிகழ்ந்து முடிந்ததற்கு ஆண்டு வேண்டும். ஆண்டுதோறும் மீண்டும் வருவதற்கு வேண்டுவது நாள். இவ்வேறுபாடு நன்கு விளங்குதற்குத் தைப்பூசம் ஒன்றையே எடுத்து நோக்குதல் தகும்.

பூசம் என்பது இருபத்தேழு நாண்மீன்களுள் எட்டாவது. கற்கடக இராசியாகிய நண்டின்கண் உள்ளது. கொடிறு என்பது அதன் பழந்தமிழ்ப் பெயர்களுள் ஒன்று. அதற்குரிய தேவன் பிருகற்பதி, அதாவது தேவகுரு. தை மாதத்தில் ஞாயிறு மகரத்தில் நிற்கும். அதற்கு நேர் எதிரில் உள்ளது கற்கடகம். திங்கள் நிறைமதியாவது ஞாயிற்றுக்கு எதிரில் நிற்கும்பொழுதே ஆதலின், தை மாதத்து நிறைமதி பூசத்தை ஒட்டியே அமையும். கார்த்திகையில் கார்த்திகையும், மாசியில் மகமும், பங்குனியில் உத்திரமும், வைகாசியில் விசாகமும் விழா நாளாயினமை இக்காரணம் பற்றியே. இதில் ஒரு வியப்பும் உண்டு. பூசத்து மீன்கள் மங்கலானவை. நிறைமதி அருகு நிற்கும் அவ்விரவில் அவை கண்ணுக்குப் புலனாவதே அரிது. எம்மீனின் பெயரால் விழா நிகழ்கின்றதோ அம்மீனை அன்று வானில் தேடினால் ஒளிவெள்ளமே தோன்றும்.

ஆங்கிலத் தேதியை மட்டும் அறிந்தார்க்கு இந்நாள் நிலையின்றி அலைவதுபோல் தோன்றும். 2022-இல் ஜனவரி 18. 2023-இல் பிப்ரவரி 5. 2024-இல் ஜனவரி 25. 2025-இல் பிப்ரவரி 11. சில ஆண்டுகளில் தை மாதத் தொடக்கத்தில் ஒரு பூசமும் இறுதியில் ஒரு பூசமும் வருதலும் உண்டு. அப்பொழுது நிறைமதியோடு கூடியதனையே கொள்வர். அலைவது தேதியே, திங்களும் மீனும் கூடும் கூட்டம் மாறுவதில்லை.

இனித் தில்லையை நோக்குக. அங்குக் காத்திருந்தோர் இருவர். ஒருவர், வண்டு தீண்டுமுன் மலர் கொய்ய வேண்டும் என்னும் ஆசையால் புலியின் காலும் கையும் வேண்டிப் பெற்ற வியாக்கிரபாதர். மற்றவர், திருமால் எண்ணி மகிழ்ந்த ஆடலைத் தாமும் காண விழைந்து பாயலை விட்டு இறங்கி வந்த ஆதிசேடராகிய பதஞ்சலி. இருவரும் வேண்டியது வீடன்று, பொருளன்று, காட்சியே. பூச நாளின் நடுப்பகலில் அக்காட்சி கிடைத்தது. அவ்வியாக்கிரபாதரின் குழந்தை உபமன்னியு பாலுக்கு அழுதபோது இறைவன் பாற்கடலையே அழைத்துக் கொடுத்தான் என்பதும் அத்தலத்து வரலாறே. கூத்தைக் காண வந்தார்க்குக் காட்சியும், பசித்து அழுத பிள்ளைக்குப் பாலும் ஓரிடத்தே கிடைத்தன. இவ்விரண்டனையும் ஒருங்கே நினைவிற் கொள்க. தைப்பூச வரலாறு செல்லும் இடமெல்லாம் இவ்விரண்டும் உடன் செல்லக் காணலாம்.

திருமயிலையில் ஞானசம்பந்தர் பாடியருளிய பூம்பாவைத் திருப்பதிகத்தை அறியாதார் இலர். சிவநேசச் செட்டியார் தம் அருமை மகளைப் பிள்ளையார்க்கே உரியவள் என்று சொல்லி வளர்த்தார். மலர் கொய்யச் சென்ற அச்சிறுமியைப் பாம்பு தீண்டிற்று. மருத்துவமும் மந்திரமும் பயன்படாமல் மாண்டாள். தந்தையார் எலும்பையும் சாம்பலையும் ஒரு குடத்திலிட்டுக் கன்னிமாடத்தே வைத்துக் காத்தார். பிள்ளையார் மயிலைக்கு எழுந்தருளியபொழுது அக்குடம் திருமதிற் புறத்தே கொணரப்பட்டது. அதனை நோக்கிப் பெருமான் பாடியது என்னை? சாத்திரம் கூறினாரா? உயிர் நிலையாமையைக் கூறித் தந்தையைத் தேற்றினாரா? இல்லை. இவ்வூர்த் திருவிழாக்களை வரிசையாக எண்ணி, ஒவ்வொன்றையும் காணாமலே போய்விடுவாயோ என்று அப்பெண்ணையே வினவினார்.

அவ்வரிசை கருதத்தக்கது. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று மாதந்தோறும் செல்கின்றது. இவற்றுக்கெல்லாம் முன்னே, முதற்பாட்டில் நிற்பது எது எனின், அடியார்க்கு அமுதளித்தலாகும். தைப்பூசத்தைக் கூறும் பாட்டிலும், நெய் பூசிய சோற்றோடு மகளிர் கொண்டாடும் நாள் என்றே அதனை அடையாளம் காட்டுகின்றார். தை, நெல் அறுவடையாகி வீடு நிறையும் காலமாதலின் இது பொருத்தமே. ஏழாம் நூற்றாண்டில் மயிலை வீதியில் பூச நாளில் கமழ்ந்த நெய்ச்சோற்றின் மணம் அப்பாட்டில் இன்றும் உள்ளது. இறந்த சிறுமியை மீட்பதற்கு அம்மணத்தையே ஒரு காரணமாக்கினார் பிள்ளையார். வாழ்வை மறுத்து வீடு கூறும் சமயம் சைவம் என்று பேசுவோர் இப்பதிகத்தை ஒருமுறை ஓதுவாராக! பதிகம் நிரம்பும் அளவில் குடம் உடைந்து, பன்னிரண்டு ஆண்டுப் பருவத்தளாய்ப் பூம்பாவை வெளிப்பட்டாள் என்பது சேக்கிழார் வாக்கு.

மயிலையில் சோறு சிறந்ததுபோல் திருவிடைமருதூரில் நீராட்டுச் சிறந்தது. பூச நாளில் அங்குக் காவிரித் துறையிற் புகுந்தாடுதலை அப்பரும் சம்பந்தரும் ஒருங்கே பாடியுள்ளனர். சோழர் காலத்துக் கல்வெட்டொன்று, அவ்வூர்ச் சபையாரும் நகரத்தாரும் கோயிலாரும் நாடகசாலையிற் கூடி, தைப்பூசத்திலும் வைகாசித் திருவாதிரையிலும் ஆரியக்கூத்து ஆடுதற்காகச் சாக்கைக் கூத்தன் ஒருவனுக்கு நிலம் அளித்த செய்தியைத் தருகின்றது. கூத்தப் பெருமான் ஆடல் காட்டிய நாளில் ஊரார் கூத்துக் காண ஏற்பாடு செய்தது எத்துணை இயைபு! திருநெல்வேலியிலும் தாமிரபரணிக் கரையில் தைப்பூசத் தீர்த்தவாரிக்கென்றே மண்டபம் உண்டு.

இவ்விடத்தே ஒன்று கூறாதிருத்தல் கூடாது. நாளைப் போற்றியவர் அதற்கு நிலம் வைத்தனர். நிலம் வைத்ததைக் கல்லில் வெட்டினர். இன்ன நாளுக்கு இத்தனை கலம் நெல், இத்தனை நாழி நெய், இத்தனை விளக்கு என்று கோயிற் சுவரே கணக்கேடாயிற்று. பிற்காலத்தார் திருப்பணி என்னும் பெயரால் அச்சுவரில் சுண்ணம் பூசினர். சில இடங்களில் மணல் வீச்சினால் கல்லையே சுரண்டினர். எழுத்து மழுங்கியது. எழுத்தோடு, அந்நாளுக்குரிய அறம் இன்னது என்பதும் போயிற்று. குடமுழுக்குக்காகக் கோயிலைத் தூய்மை செய்வோர், நாளைத் துடைத்துவிடுதல் என்ன நீதி? இனித் திருப்பணி செய்யும் ஊர்கள் சுவரைத் தொடுமுன் எழுத்துண்டா என்று பார்த்துப் படியெடுத்துக்கொள்ளுதல் நன்று.

தை மாதத்து நாள்களைப் பஞ்சாங்கத்திற் பார்ப்போர், பூசத்துக்கு இரண்டு நாள் முன்னே திருவாதிரையில் அரிவாட்டாய நாயனார் குருபூசை குறிக்கப்பட்டிருத்தலைக் காண்பர். கணமங்கலத்துத் தாயனார் நாள்தோறும் இறைவனுக்குச் செந்நெல் அரிசியும் செங்கீரையும் மாவடுவும் படைத்தவர். செல்வம் போயிற்று. கூலிக்கு நெல்லரிந்து, கூலியாகப் பெற்ற செந்நெல்லை இறைவனுக்கே ஆக்கினார். தமக்குக் கார்நெல்லே கொண்டார். அதுவும் இல்லாத நாளில் கீரையும், கீரையும் இல்லாத நாளில் நீருமே உணவாயின. ஒருநாள் தளர்ச்சியால் கால் இடறி வீழ, கூடையில் இருந்தவை வயலின் வெடிப்பிற் சிந்தின. இனிப் படைக்க ஒன்றுமில்லையே என்று அரிவாளைத் தம் கழுத்திற் பூட்டினார். வெடிப்பினின்று ஒரு கை நீண்டு அவர் கையைப் பற்றியது. மாவடுவைக் கடிக்கும் ஓசையும் எழுந்தது. மடைப்பள்ளியில் வைத்துப் படைத்ததைவிட, மண்ணிற் சிந்தியதை இறைவன் ஒலி கேட்க உண்டான்! ஆதிரையில் இவ்வரலாற்றைக் கேட்டவர் மறுநாளை விட்டு அதற்கடுத்த நாள் பூசச் சோற்றுக்கு உலை வைக்கின்றனர். இவ்வடைவைத் திட்டமிட்டு அமைத்தார் யார் என்பது வேண்டா, அமைந்திருப்பது போதும்.

இனி வடலூரைப் பற்றி. இராமலிங்க அடிகளார் பாடல்களை முன்னிட்டுப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து நாவலர் பெருமான் தொடுத்த வழக்கினைச் சைவ உலகம் நன்கறியும். அவ்வழக்கை மீண்டும் கிளறுதற்கு இது இடமன்று. பசித்தவனுக்குச் சோறிடுதல் பற்றி அவ்விருவர்க்கும் மாறுபாடு இருந்ததாக எவரும் கூறார்.

அடிகளார் வடலூரில் முதலில் எடுத்தது ஞானசபை அன்று, தருமச்சாலையே. 1867-ஆம் ஆண்டு மே 23, பிரபவ ஆண்டு வைகாசி 11, வியாழக்கிழமையில் அது தொடங்கியது. பார்வதிபுரத்து மக்கள் எண்பது காணி நிலம் அளித்தனர். அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிகின்றது. ஏறக்குறைய ஐந்தாண்டு சோறிட்ட பின்னரே சபை திறந்தது. அந்நாள் 1872-ஆம் ஆண்டு ஜனவரி 25. பிரசோற்பத்தி ஆண்டு தை 13. அன்று பூசம்; அன்று நிறைமதி; அன்று வியாழக்கிழமை. கோயிற்புராணம் தில்லைக்குக் கூறிய தைப்பூசமும் குருவாரமும் அன்று வடலூரில் கூடின. அத்தலத்தை அடிகளார் உத்தரஞான சிதம்பரம் என்றார். தில்லையை உள்ளத்திற் கொண்டிருந்த அவர் இக்கூட்டத்தைக் கருதாமல் நாள் வைத்தார் என்று கொள்ளுதல் அரிது.

எண்கோணமாக அமைந்த அச்சபையில் ஏழு திரைகள் தொங்குகின்றன: கருமை, நீலம், பசுமை, செம்மை, பொன்மை, வெண்மை, இவையெல்லாம் கலந்த கலப்பு. ஒவ்வொன்றாக அவை விலக, உள்ளே சோதி தோன்றும். பூச நன்னாளில் ஆறு காலங்களில் ஏழு திரை நீக்கிக் காட்டுவர். விடியலில் தொடங்கி மறுநாள் விடியலில் நிறைவெய்தும். பொழுது புலருமுன் பனியில் நின்று காண்பவருள் முந்திய நாள் உழவுசெய்த கையினரும் உண்டு, நெடுந்தொலைவினின்று நடந்து வந்தோரும் உண்டு. கண்டு மீள்வோர் தருமச்சாலையில் உண்டு செல்வர். தில்லையிற் கூறிய அவ்விரண்டும், காட்சியும் சோறும், மீண்டும் ஓரிடத்தே நிற்கின்றன அன்றோ?

1874-ஆம் ஆண்டு ஜனவரி 30, ஸ்ரீமுக ஆண்டு தை 19, வெள்ளிக்கிழமை இரவு, புனர்பூசமும் பூசமும் கூடும் வேளையில், மேட்டுக்குப்பத்துச் சித்திவளாகத் திருமாளிகையில் அடிகளார் அறைக்குள் புகுந்து கதவடைத்துக்கொண்டார். தைப்பூசத்துக்கு மூன்றாம் நாள் அவ்வறையின் காட்சி அன்பர்க்குக் கிடைக்கின்றது. ஒரே மீன் திறந்த கதவுக்கும் அடைத்த கதவுக்கும் சான்றாக நின்றது.

முருகனடியார்க்குத் தைப்பூசம் அன்னை வேல் வழங்கிய நாள். மயிலைப் பதிகத்திலும் இடைமருதிலும் அது சிவபிரானுக்குரிய விழாவாகவே காணப்படுகின்றது. பழனியில் அது வேலவன் விழாவாகச் சிறந்தது. தந்தையின் நாளை மைந்தன் பெற்றதில் வழக்கொன்றும் இல்லை. நகரத்தார் காவடி கட்டிக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடந்து செல்வர். வழிபாடு முடிந்தபின் நடந்தே திரும்புவர். வழிநெடுக ஊரார் பந்தலிட்டு மோரும் சோறும் வழங்குவர். தை மாதத்துச் சதயத்தில் குருபூசை பெறும் அப்பூதியடிகள் திங்களூரில் திருநாவுக்கரசர் பெயரால் வைத்த தண்ணீர்ப்பந்தல் இங்ஙனம் பல நூறாகப் பெருகி நிற்கின்றது.

கடல் கடந்த தமிழர் இந்நாளை மறந்திலர். கோலாலம்பூருக்கு அருகில் பத்துமலைக் குகையில் தம்புசாமிப் பிள்ளை முருகனை நிறுவி வழிபாடு தொடங்கினார். 1892 முதல் தைப்பூசம் அங்கு நிகழ்கின்றது. நகரத்து மாரியம்மன் கோயிலினின்று வெள்ளித் தேர் அங்குச் செல்லும். மொரீசியசில் தைப்பூசக் காவடி அரசு விடுமுறை நாள். சிங்கப்பூரிலோ 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தைப்பூசம் பொது விடுமுறைப் பட்டியலினின்று நீங்கியது. விடுமுறை போயிற்று, நாள் போகவில்லை. பணியிடத்தில் விடுப்புப் பெற்று வந்து, சிராங்கூன் சாலைச் சீனிவாசப் பெருமாள் கோயிலிற் காவடி எடுத்துத் தெண்டாயுதபாணி கோயில்வரை நடப்போர் இன்றும் பல்லாயிரவர். பெருமாள் கோயிலிற் புறப்பட்டு முருகன் கோயிலில் முடியும் அந்நடையைக் கண்டு சைவ வைணவப் பூசல் வல்லோர் வாயடைப்பாராக!

தாய்த் தமிழ்நாட்டில் இந்நாளுக்கு அரசு பொது விடுமுறை அளித்தது 2021-ஆம் ஆண்டில். அவ்வாண்டுத் தைப்பூசம் ஜனவரி 28, அன்றும் வியாழக்கிழமையே. அடுத்து 2024-இல் வந்த தைப்பூசமோ ஜனவரி 25, வியாழன். வடலூர்ச் சபை திறந்து நூற்றைம்பத்திரண்டு ஆண்டுகள் சென்றபின், அதே தேதியும் அதே கிழமையும் அதே பூசமும் மீண்டும் கூடின. பத்தொன்பது ஆண்டுக்கு ஒருமுறை மதியின் நிலை ஏறக்குறைய அதே தேதிக்குத் திரும்பும் என்பது வானநூலார் கண்டது. எட்டுப் பத்தொன்பது நூற்றைம்பத்திரண்டு. தேதியையே போற்றுவார்க்கும் அவ்வாண்டில் குறையில்லை.

விடுமுறை நல்லதே, அதனைக் குறை கூறுவார் இலர். எனினும் விடுமுறை பெற்றவர் அந்நாளில் என் செய்கின்றனர் என்னும் வினா உண்டு. வீட்டில் துயின்று எழுந்து, பிறர் நடத்திய விழாவைப் பெட்டியிற் படமாகப் பார்த்து அமைவோரும் உளர். முதியோரும் நோயுற்றோரும் அங்ஙனம் காண்டல் ஏற்கத்தக்கதே. காலும் கையும் நலமுற்றோர் அங்ஙனம் அமைவரேல், ஞானசம்பந்தர் குடத்தை நோக்கி வினவிய வினா உயிரோடிருப்பாரையும் நோக்கியதாகிவிடும்.

பூம்பாவைப் பதிகத்தில் எண்ணப்பெற்ற விழாக்களுள் இறுதியாக வருவது பெருஞ்சாந்தி. அதனைக் குடமுழுக்கு என்று பொருள் கொள்வோர் உளர். அவ்வாறாயின் அமுதளித்தலில் தொடங்கிய வரிசை குடமுழுக்கில் நிறைகின்றது. இன்று இத்திருக்கோயிலில் கலசத்தின்மேல் நீர் பொழிந்ததைக் கண்டவர் அவ்வரிசையின் கடைசி விழாவைக் கண்டவராவர். வேள்விச் சாலையில் அக்கினி இன்னும் தணிந்திலது. மடைப்பள்ளியில் அடியார்க்கு இலை போடும் ஓசை கேட்கின்றது. வரிசையின் முதல் விழாவுக்கு எழுந்தருள்க.

திருச்சிற்றம்பலம்